மன்னாருக்கு ஒரு வேலையை விளக்கப் போனேன்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டும் பழக்கம் எனக்கு உண்டு. பல் மருத்துவர், வங்கி மேலாளர், நவீன ஓவியம் வரையும் நண்பர் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லோருக்கும் ஆட்டியிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியதும் வியாதி முற்றிவிட்டது. போன மாதம் தொலைபேசியில் பேசும்போதே தலையாட்டினேன். அதைப் பார்த்த ஒரே ஜீவன் என் மனைவி. வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "என்ன புரியல?" என்று கேட்டாள்.

தொலைபேசியின் மறுமுனையில், மன்னாரில், ஸ்ரெலா. கொழும்பில் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக வேலை செய்யும் அலுவலகத்தில் அவளுக்கு அனலிஸ்ட் உத்தியோகம் கிடைத்திருந்தது. பிரிவின் பெயர் 'செக்யூரிட்டீஸ் லெண்டிங் அண்ட் ஃபண்டிங்'. பங்குகளையும் பத்திரங்களையும் இரவல் கொடுத்து வாங்கும் பிரிவு. அது என்னவென்று ரொம்ப நேரம் பொறுமையாகச் சொன்னாள்.

"விளங்கினதா மாமா?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா."

"அப்ப நீங்களே வந்து அப்பாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. அவர் போக வேண்டாமெண்டு நிக்கிறார். நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்."

இப்படித்தான் நான் கடல் கடந்தேன்.

ஸ்ரெலாவின் அப்பா சூசை, திருச்சியில் அகதி முகாமில் இருந்த காலத்தில் எங்கள் தெருவிலிருந்த பட்டறையில் மோட்டார் பழுது பார்த்தவர். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அவர் கைக்கு மட்டும்தான் ஓடும். அவர் மனைவி ரீட்டாவும் என் மனைவியும் சிநேகிதிகள். ரீட்டாவுக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு; தெருமுனையில் அது கேட்டாலே என் மனைவி டீத்தண்ணி வைத்துவிடுவாள். ஸ்ரெலா எங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். யுத்தம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கூடம் கொஞ்ச நாள் பெரிதாகத் தெரிந்தது.

ராமேஸ்வரத்துக் காக்கை நினைத்தால் காலைப் பலகாரத்துக்கு மன்னார் போய்விடலாம். பாஸ்போர்ட் வைத்திருப்பவன் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கொழும்பில் இறங்கி மன்னார் பஸ்ஸில் ஏறியதும் முன்வரிசையில் ஒரு இருக்கை என் பெயர் எழுதினதுபோலக் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். கூட்டம் நெருக்கியும் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இலங்கையில் மக்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று மனத்துக்குள் ஒரு பத்தி எழுதிக்கொண்டேன். வழியில் ஏறிய ஒரு அம்மா என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஃபாதர், மடு மாதா கோயிலுக்கோ?" என்றார்.

"இல்லைம்மா, நான் ஃபாதர் இல்லை."

அந்த அம்மா என் தலைக்குமேல் பார்த்தார். நானும் பார்த்தேன். மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதில் ஒன்றாவது எனக்குத் தெரிந்த மொழி. மீதிப் பயணத்தை நின்றபடி செய்தேன்.

மன்னார்த் தெருக்களில் கழுதைகள் திரிகின்றன. எங்கள் ஊரில் மாடுகள் திரிவதுபோலத்தான், ஒரு வித்தியாசம். மாட்டுக்குத் தான் தெய்வம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் நடுரோட்டில் படுக்கும். கழுதைக்கு அந்தத் தகவல் இல்லை. ஓரமாக நின்று, வண்டிக்கு வழிவிட்டு, நம்மைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு முகம் காட்டும். பஸ் நிலையத்தில் என்னை வரவேற்ற முதல் முகம் அதுதான். இரண்டாவது சூசை.

"சேர் மெலிஞ்சு போனியள்," என்றார். எட்டு கிலோ கூடியிருந்தேன். சூசை என்ன சொன்னாலும் அதில் அன்பு இருக்கும், தகவல் இருக்காது.

இப்போது அவர் கடற்கரையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். வீட்டில் ரீட்டா இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலும் மஞ்சளும் புளிப்பும் சேர்ந்து, காரம் என்ற விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த ஒரு குழம்பு. நான் மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். அன்றைக்கு வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்ரெலா என்னைப் பார்த்தாள், நான் சொதியைப் பார்த்தேன். அவள் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை மதியம், கணவாய் மீன் கறி. சூசை சோற்றைப் பிசைந்தபடி, "சரி சேர். சொல்லுங்கோ," என்றார்.

நான் தயாராக வந்திருந்தேன். "சூசை, உங்ககிட்ட ஒரு எஞ்சின் சும்மா கிடக்குன்னு வச்சுக்குங்க."

"என்னட்ட சும்மா கிடக்காது சேர். எல்லாம் ஆக்களின்ர சாமான்."

"ஒரு பேச்சுக்கு."

"சரி, ஒரு பேச்சுக்கு."

"ஒருத்தர் வந்து நாலு நாளைக்கு அதைக் கேட்கிறார். ஈடாக, எஞ்சினைவிடக் கொஞ்சம் கூடுதலா மதிப்புள்ள பொருளை உங்ககிட்ட வைக்கிறார். வாடகையும் தர்றார். நாலு நாள் கழிச்சு அவரவர் பொருள் அவரவர்கிட்ட. இதுதான் அந்த வேலை."

சூசை யோசித்தார். "எஞ்சினைவிடக் கூடப் பெறுமதியான சாமான் வைச்சிருக்கிறவன் ஏன் சேர் என்னட்ட இரவலுக்கு வாறான்?"

நான் கணவாயை மென்றேன். கணவாயில் ஒரு சௌகரியம், எவ்வளவு நேரம் மென்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஸ்ரெலா பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள். "அப்பா, சில பேர் கையில இல்லாத பங்கை முதல்ல வித்துப்போடுவினம். குடுக்க வேண்டிய நாள் வரேக்க இரவல் வாங்கிக் குடுப்பினம்."

"இல்லாத சாமானை விக்கிறதோ?"

"ஓம். விலை விழுமெண்டு நினைச்சு. விழுந்த பிறகு மலிவா வாங்கி, இரவலைத் திருப்பிக் குடுப்பினம். சட்டப்படி சரியான வேலைதான் அப்பா."

"அப்ப விலை விழ வேணுமெண்டு மாதாவிட்ட மெழுகுதிரி கொளுத்துவினமோ?"

ரீட்டா இருமினார். அது சிரிப்பை மறைத்த இருமல் என்று எனக்குத் தோன்றியது. நான் உதவிக்கு வந்தேன். வெளிநாடுகளில் இது எல்லோரும் செய்வதுதான் என்றேன். சூசை என்னைப் பார்த்த பார்வையில், திருச்சியில் என் மோட்டாரைத் திறந்து பார்த்த அதே துக்கம் இருந்தது.

அவர் கை கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"சேர், உங்களுக்குத் தெரியாது. நாங்கள் இந்தியாவில இருந்து வந்து, கூரை போட இவ ஒரு கொம்பனியிட்ட கடன் எடுத்தவ. கிழமைக்கு ஒருக்கா ஒருத்தன் மோட்டச்சைக்கிள்ள வருவான். கட்ட வழியில்லாத கிழமை இவ உள்ளுக்குப் போயிடுவா. இந்தப் பிள்ளைதான் வாசல்ல நிண்டு 'அம்மா இல்லை' எண்டு சொல்லும். நான் கடற்கரையில ஆரின்ரையோ எஞ்சினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிப்பன். பெரிய ஆம்பிளை." ஈரக் கையைத் துடைத்தார். "கடனெல்லாம் அடைச்சாச்சு. ஆனா இவளுக்குப் பொய் சொல்லப் பழக்கினது நாங்கள். இனி இவள் படிச்சுப்போட்டு, இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிண்டு கேக்கிறதோ? அதை நான் பாக்கமாட்டன்."

"நான் ஒருத்தற்ற வாசலுக்கும் போறேல்லை அப்பா," என்றாள் ஸ்ரெலா.

"கடன் குடுக்கிற கொம்பனியில வாசலுக்குப் போகாத ஆள் ஆர்?"

எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். பங்குச் சந்தையைப் பற்றிய கேள்வியே அங்கே கிடையாது.

சாயங்காலம் ஸ்ரெலாவும் நானும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கருவாட்டு வாசனை, தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். "மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு விளங்கேல்லைத்தானே?"

"எப்படித் தெரியும்?"

"நீங்கள் 'ஆங், ஆங்' எண்டு சொன்ன இடமெல்லாம் பிழையான இடம்."

பிறகு நடந்தபடியே மறுபடி சொன்னாள். எங்கோ ஒரு நாட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார்களின் ஓய்வூதிய நிதி ஒன்று பங்குகளை வாங்கி வைத்திருக்கும். அவை சும்மா கிடக்கும். வேண்டியவர்களுக்கு அவற்றை இரவல் கொடுத்தால் நிதிக்கு ஒரு சின்ன வருமானம். பொருள் யாருடையது, இப்போது யாரிடம் இருக்கிறது, வைத்த ஈடு இன்றைய விலைக்குப் போதுமா, எப்போது திரும்பும். ஒவ்வொரு காலையும் இந்த நாலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஈடாக வந்த பணத்தை ராத்தங்க எங்கே வைப்பது என்பதுதான் ஃபண்டிங். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை, அதனாலேயே புரிந்தது.

"நேர்முகத்தில ஒரு கேள்வி கேட்டவை," என்றாள். "சொந்தக்காரர் பங்கை இண்டைக்கே விக்கவேணுமெண்டுறார். இரவல் வாங்கினவர் இன்னும் திருப்பித் தரேல்லை. நீங்கள் முதல்ல என்ன செய்வீங்கள்? மற்றவையெல்லாம் இரவல் வாங்கினவருக்கு போன் பண்ணுவம் எண்டு சொன்னவை. நான் முதல்ல சொந்தக்காரருக்கு உண்மையைச் சொல்லுவன் எண்டு சொன்னன். ஏன் எண்டு கேட்டினம்."

"என்ன சொன்னே?"

"ஆள் இல்லை எண்டு பொய் சொன்னது எனக்குப் போதும் எண்டு மனசுக்குள்ள சொன்னன். வெளியில ஏதோ இங்கிலீசில சொன்னன்." மணலைக் காலால் தள்ளினாள். "எனக்கு இந்த வேலை வேணும் மாமா. ஆனா அப்பாவை அழவிட்டுட்டுப் போகமாட்டன்."

வீட்டில் ரீட்டா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாளைக்கு எல்லோருமாக மடுவுக்குப் போவது. மாதா என்ன சொல்கிறாவோ அதுதான். மாதா எந்த முறையில் சொல்வார் என்று நான் கேட்கவில்லை. வாகனம் பிடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இந்தப் பயணத்தில் என்னால் ஆகக்கூடிய காரியம் ஒன்றாவது வேண்டாமா?

பஸ் நிலையத்தில் ஒரு சின்ன வான் நின்றது. பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். "வாங்க சார், எங்க போகணும்?" என்றார். அந்த 'வாங்க சார்' கேட்டு நான் உருகிவிட்டேன். நம் ஊர்ப் பேச்சு. பெயர் குமார். அப்பா காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து உயிலங்குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். நான் பேரம் பேசினேன். பேரத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு, என்னிடம் மட்டும். பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, வீட்டு அடையாளம் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கினதுபோல இருந்தது. விலை குறைந்துபோன வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரீட்டா நல்ல சேலை கட்டி, செபமாலையும் சோற்றுப் பார்சல்களுமாக முன்னறையில் தயாராக இருந்தார். சூசை பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஹாரன் கேட்டது. ஸ்ரெலா முன்னே போனாள். என் பேரத்தின் பலனைக் காட்டும் ஆவலில் நான் பின்னே போனேன்.

குமார் வானிலிருந்து இறங்கினார். ஸ்ரெலா படலைக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எனக்குப் பின்னால் முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம், அவசரமாக ஓடும் கால், உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம்.

"அம்மா இல்லை," என்றாள் ஸ்ரெலா.

அது அவள் குரலே இல்லை. எங்கள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளையின் குரல்.

அவள் சொல்லி முடிக்கவும் உள்ளறையிலிருந்து ஒரு வறட்டு இருமல் வந்தது.

குமார் கீழே பார்த்துக்கொண்டு, "தெரியும் தங்கச்சி," என்றார். "அப்பவும் இப்படித்தான் இருமுவாங்க."

சூசை சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். "நீரோ?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னாரில் ஓடுகிற இத்தனை வான்களில், ஊர்ப் பேச்சு கேட்டு மயங்கி, மோட்டார் சைக்கிளில் வந்துபோன அதே ஆளை நான் பேரம் பேசிக் கூட்டிவந்திருக்கிறேன். வேறு வான் பார்க்கிறேன் என்று முனகினேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. ரீட்டா தலையை மட்டும் நீட்டினார். "காசு குடுத்தாச்சோ சேர்?"

"பாதி கொடுத்துட்டேன்."

ரீட்டா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "அப்ப என்ன செய்யிறது? ஏறுங்கோ," என்றார்.

பாலத்தின் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத நீரில் நீளக்கால் பறவைகள் நின்றன. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். வானுக்குள் யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. உயிலங்குளத்து வயல்களுக்கு நடுவே டயர் வெடித்தது. ஒரு சத்தம் கேட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

குமார் ஜாக்கியை எடுத்து வைத்தார். சூசை தூரத்தில் வயல் வரப்பில் முதுகைக் காட்டி நின்றார். நின்றாரே தவிர, கழுத்து திரும்பித் திரும்பி வந்தது. ஜாக்கி சரிந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தைத் தப்பாகக் கையாளுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. திருச்சியிலேயே எனக்குத் தெரியும். கடைசியில் வந்து, "உந்த ஜாக்கியை எடும். வான் உம்மட தலையில விழும்," என்று குந்தினார். இருவரும் ஒரு சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஒரு திருகைக் கழற்றி முடித்ததும் சூசை கேட்டார். "இருமல் கேக்கிறது எண்டால் ஏன் பேசாமல் போனனீர்?"

"ஆள் இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிருவேன். திட்டுவாங்க. பழகிருச்சு." குமார் அடுத்த திருகைப் பிடித்தார். "ஒரு நாள் மட்டும் திரும்பிப் போகலைங்க. மேல இருந்து ரொம்ப நெருக்குனாங்க. கதிரையைப் போட்டு உக்காந்துட்டேன்."

"அண்டைக்கு நான் வரேக்க நீர் முற்றத்தில இருந்தனீர்."

"ஆமா. தங்கச்சி 'அம்மா இல்ல'ன்னுச்சு. நான் அசையல. உள்ள போயிட்டு ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து வச்சுச்சு. 'வெயில்ல இருக்கிறியள், குடியுங்கோ'ன்னுச்சு. அதுக்கப்புறம் எனக்கு அந்த வேலை ஓடல. கொஞ்ச நாள்ல விட்டுட்டேன்."

சூசை நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "தண்ணி குடுத்தனியா?"

"ஓம் அப்பா."

"சொல்லேல்லை."

"நீங்கள் ஏசுவியள் எண்டு நினைச்சன்."

சூசை கழற்றிய சக்கரத்தை உருட்டிக்கொண்டுபோய் வானின் பின்பக்கம் வைத்தார். அங்கே அதை ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் நின்றார். ரீட்டா ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்து முதலில் குமாரிடம் நீட்டினார். காலை எட்டரைக்கு மீன் பொரியலும் சோறும். அவர் மறுக்கவில்லை.

மடுவில் பெரிய மரங்களின் கீழே ஜனங்கள் பாய் விரித்திருந்தார்கள். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பமும் எங்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றது. அந்தக் கோயில் மண்ணுக்கு விசேஷம் உண்டு. கையில் இருந்தால் பாம்பு தீண்டாது என்று நம்பிக்கை. ஆளாளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். சூசை ஒரு பிடி மண்ணைக் கடதாசியில் மடித்து, ஓரத்தை இன்னொரு தரம் மடித்து, ஸ்ரெலாவிடம் கொடுத்தார்.

"கொழும்புக் கந்தோர் மேசை லாச்சிக்குள்ள வை," என்றார்.

"அங்க பாம்பு வராது அப்பா. ஒன்பதாம் மாடி."

"இல்லாத சாமானை விக்கிறவை வருவினம் எண்டு நீதானே சொன்னனீ. வை."

ரீட்டா மாதாவைப் பார்த்து, காரியம் முடிந்த தோரணையில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி அந்தப் பக்கம் போனேன். காற்றே இல்லாத இடம். வேறு காரணம் சட்டென்று கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஏற்றினோம். முன்வரிசையில் காலியாக ஒரு இருக்கை இருந்தது. எடுத்துக்கொள்ளாதே என்று நான்தான் எச்சரித்தேன்.

திருச்சிக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து ஸ்ரெலா கூப்பிட்டாள். முதல் நாள் வாசலில் பையைச் சோதித்த காவலாளி மண் பொட்டலத்தைப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். மடு என்று சொன்னாளாம். அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். முதல் வாரத்திலேயே ஒரு தப்பும் செய்திருக்கிறாள். இரவலில் இருந்த ஒரு பங்குக்கு லாப ஈவு வந்த நாளைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்; இரவல் வாங்கியவர் அதைச் சொந்தக்காரருக்குச் சேர்க்க வேண்டும். மேலாளரிடம் அவளே போய்ச் சொல்லி, ஏச்சு வாங்கினாள்.

"நேற்று முதல் தரம் நானே ஒரு இரவலைத் திருப்பிக் கேட்டனான் மாமா. மெயில்தான். ஆனாலும் எழுதி, அழிச்சு, எழுதி அனுப்பினன்."

"பதில் வந்ததா?"

"உடனே வந்தது. இண்டைக்கே திருப்பித் தாறம், நன்றி எண்டு." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை மாமா."

நான் தலையாட்டினேன். பிறகு நினைவு வந்து, "ம்" என்றேன்.

எத்தனை தூரம் போய் என்ன காரியம் சாதித்தேன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னவர். சேர் வந்து விளங்கப்படுத்தினதில ஒரு சொல்லும் விளங்கேல்லையாம். வந்ததில ஒரே பிரயோசனம் அந்த வானைப் பிடிச்சதுதானாம்." சிரித்தாள். "அதையும் தேவைக்கு மேல காசு குடுத்துப் பிடிச்சிருக்கிறார் எண்டவர்."